நான்காவது அடைப்பு

ஆறாம் அத்தியாயம்

அன்று அந்தக் கப்பல் முகவர் கந்தோருக்குள் அடைபட்டிருந்தவர்கள் எழுவர். பெயர்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

உட்துறைமுக வீதியில் தளபாடப் பட்டறை வைத்திருக்கும் கனகசுந்தரம் ஆகிய நான். என் மருமகன் ஞானசேகரம். எங்கள் தச்சன் சின்னராசா, இலங்கைத்துறையைச் சேர்ந்தவன். கப்பல் முகவர் கந்தோரின் மனேஜர் பாக்கியரத்தினம். அங்கே தட்டச்சு வேலை பார்த்த ஜெஸீமா. நீதிமன்றத்தில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து இளைப்பாறிய குணேஸ்வரி. அவரைத் தன் முச்சக்கர வண்டியில் எங்கும் ஏற்றிப்போகும் கிண்ணியா றஊப். வாசலில் ஒரு கடற்படை அதிகாரியும் இரண்டு மாலுமிகளும் நின்றார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் எங்களை உள்ளே வைத்திருந்தவர்கள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். யன்னல்களுக்குக் கம்பி வலை. வலைக்கு வெளியே மண்மூட்டை. மண்மூட்டைக்கு மேலே ஒரு சாண் கடல் தெரிந்தது. விடியப்புறம் நின்ற மின்சாரம் ஒன்பது மணிக்கு வந்து, பத்தரைக்கு மறுபடியும் போய்விட்டது. விசிறி நின்ற அறையில் எழுவருடைய மூச்சும் சுற்றிச் சுற்றி வந்தது.

காணாமற்போனது துறைமுகப் பாஸ்களில் குத்தும் பித்தளை முத்திரை. பெருவிரல் நகம் அளவு வட்டம். அதை வைத்திருக்கும் எவரும் யாரையும் துறைமுகத்துக்குள் அனுப்பலாம் என்பதால் அதிகாரியின் முகம் கல்லாக இருந்தது. ஒன்பது மணிக்கு மனேஜர் தன் மேசை லாச்சியைத் திறந்தபோது முத்திரை இல்லை. தேடியபோது அதன் மரக் கைப்பிடி மட்டும் சின்னராசாவின் தச்சு ஆயுதப் பையில் இருந்தது. பித்தளை எங்கும் இல்லை.

சின்னராசா சுவரோரம் நிலத்தில் இருத்தப்பட்டிருந்தான். கைகளைப் பின்னால் கட்டியிருந்தது எங்கள் பட்டறையின் பிரம்பு நார்தான்.

அதிகாரி சிங்களத்தில் சொன்னதைக் குணேஸ்வரி தமிழில் சொன்னார்: "மூண்டு மணிக்கு றக் வருமாம். அதுக்குள்ள முத்திரை கிடைச்சால் எல்லாரும் வீட்டை போகலாம். கிடைக்காட்டில் சின்னராசா றக்கில."

அந்த நாட்களில் படையினரின் றக் லொறியில் ஏறியவரைப் பற்றி வீட்டுக்காரர் கேட்கப்போகும் இடங்கள் பல. பதில் சொல்லும் இடம் ஒன்றும் இல்லை. இலங்கைத்துறை இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி; அந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்தால் கேள்வியும் தேவையில்லை.

"மொழிபெயர்க்க வந்த உங்களையும் ஏன் தங்கச்சி பிடிச்சு வைச்சிருக்கினம்?" என்று கேட்டேன்.

"நான் போய் வெளியில கதைச்சுப் போடுவனாம்."

"அது நியாயமான பயம்தான்" என்றார் றஊப். "ஆனா என்னை ஏன்? மிஸ்ஸுக்கு ஒரு சோடா கொண்டு வந்த குற்றம். வண்டியை நிழலில விட்டுட்டு வந்தனான். இப்ப நிழல் போய் அரை மணித்தியாலம். நாமதான் நகர ஏலாம இரிக்கம், நிழல் தன்ட பாட்டுக்குப் போகுது."

"வாயைக் குறைச்சுக் கண்ணைத் திற, தம்பி" என்றார் குணேஸ்வரி. இந்த ஊரில் காணாமற்போன பலவற்றை அவர் வெறும் கேள்வி கேட்டே கண்டுபிடித்திருக்கிறார். வாசலில் நின்ற அதிகாரிக்கு அது தெரியாது. அவரைப் பொறுத்தவரை இவர் வெள்ளைச் சேலை உடுத்த ஒரு அகராதி.

எங்கள் தொழில் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். எண்பத்தைந்துக்குப் பிறகு எங்கள் பட்டறைக்குப் புது மரம் வரவில்லை. காட்டுக்குள் போக முடியாது. போனாலும் மரம் ஏற்ற அனுமதி கிடையாது. அதனால் கந்தோர்களுக்கு நாங்கள் மேசை கதிரை விற்பதை நிறுத்தி, பாவிக்கக் கொடுத்தோம். பழுதானால் திருப்பி எடுப்போம். கழற்றி, நல்லதை நல்லதோடு சேர்த்து, இன்னொன்றாக்கி இன்னொரு கந்தோருக்கு அனுப்புவோம். பதின்மூன்று வருடமாக ஒரே மரம்தான் இந்தத் துறைமுகத்தைச் சுற்றி வருகிறது. ஆணி அடிப்பதில்லை, பசை போடுவதில்லை. இரண்டும் மரத்தைத் திரும்பக் கழற்ற விடாது. எங்கள் துளைகள் எல்லாம் முக்கால் அங்குல உளியால் ஒரே அளவில் வெட்டப்படும். எந்தக் காலும் எந்தச் சட்டத்துக்கும் பொருந்தும்.

ஒரு மரம் மேசையாகி, அலுமாரியாகி, மறுபடி மேசையாகும்போது பழைய துளைகள் மிஞ்சும். அவற்றை மஞ்சள் முதிரைக் கட்டையால் அடைப்போம். கறுத்த தேக்கில் மஞ்சள் அடைப்பு. தெரியத்தான் வேண்டும். அடுத்த தச்சன் அங்கே உளி வைக்கக் கூடாது, வாங்குபவர் ஏமாறவும் கூடாது. ஒட்டை மறைத்து விற்ற பரம்பரை அல்ல நாங்கள். இதை எழுதிச் சட்டம் போட்டு ஒவ்வொரு கந்தோர்ச் சுவரிலும் மாட்டியிருக்கிறேன். மாதிரிக்கு, மஞ்சள் அடைப்புப் போட்ட ஒரு தேக்குக் கட்டையும் கொடுப்பேன். கடதாசி பறக்காமல் வைக்க அது உதவும்.

மனேஜரின் மேசை முதல் நாள் பிற்பகல்தான் எங்கள் பட்டறையில் இருந்து வந்திருந்தது. லாச்சி இறுகுகிறது என்று சொல்லியனுப்பியதால் காலை எட்டரைக்கு ஞானசேகரமும் சின்னராசாவும் போனார்கள். பழைய மேசையைத் திருப்பி எடுக்க ஒன்பதரைக்கு நான் போனேன். திருப்பி எடுக்கும்போது நானே போவது வழக்கம்.

மாலுமிகள் அந்தப் பழைய மேசையைப் பலகை பலகையாகக் கழற்றிவிட்டார்கள். ஒன்றும் இல்லை. புதிதாக வந்ததையும் கோடரியால் பிளக்கட்டுமா என்று அதிகாரி கேட்டார்.

"தேவையில்லை எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி" என்றேன். "எங்கட மேசையில ஒளிக்க இடமில்லை. துளை இருந்தால் அடைப்பம். அடைச்சதைக் காட்டுவம்."

மனேஜர் பாக்கியரத்தினம் எழுந்து சுவரில் இருந்த சட்டத்தைக் காட்டினார். "சேர், இவர் சொன்னால் சரி. நாலு தலைமுறைப் பேர். இவற்ற சாமானைப் பிளக்கிறது இந்த ஊரை அவமதிக்கிறது மாதிரி."

எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் மறைக்கவில்லை.

குணேஸ்வரி அந்த வயதிலும் சேலையைச் சொருகிக்கொண்டு, றஊப்பின் டோர்ச் லைட்டோடு மேசைக்குக் கீழே போனார்.

"அண்ணை, பின்காலில ஒரு மஞ்சள் அடைப்பு இருக்கு."

"அது எங்கட அடைப்பு. விடுங்கோ."

"விடுறன். வேற ஒண்டும் தெரியேல்லை."

அவர் வெளியே வந்து தூசியைத் தட்டினார். றஊப் மனேஜர் அறையின் குப்பைக் கூடையைக் கடதாசி கடதாசியாகக் கிண்டினார்.

"தேத்தண்ணிச் சாயம், கிழிச்ச கடிதம், திரும்பவும் தேத்தண்ணிச் சாயம். இந்தக் கந்தோர் கப்பலுக்கு ஏஜன்ட்டோ தேயிலைக்கு ஏஜன்ட்டோ? ஆ, இது ஒண்டு. முதலாளி, இது உங்கட ஆக்கள்ட சாமானோ?"

ஒரு மரச் சிராய். விரல் நீளம். கையில் வாங்கினேன். ஒரு முகம் தேக்கு நிறம். மறு முகம் மஞ்சள். முதிரை. பெருவிரலால் தேய்த்தேன். தேக்கு நிறம் விரலில் வந்தது.

அது மரத்தின் நிறமல்ல, சாயம். பூசி ஒரு வாரமும் ஆகாத சாயம்.

என் பட்டறையில் முதிரை அடைப்புக்குத் தேக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள். ஒட்டை மறைத்திருக்கிறார்கள். சுவரில் என் கையெழுத்துத் தொங்கிக்கொண்டிருக்க, அதற்குக் கீழே.

ஞானசேகரத்தைப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குப்பை" என்று சொல்லிச் சிராயைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

அப்போது நேரம் பன்னிரண்டே கால்.

குணேஸ்வரி ஜெஸீமாவிடம் போனார். "பிள்ளை, காலமை முதல் ஆர் வந்தது?"

"மனேஜர்தான். அவரிட்டத்தான் திறப்பு. நான் எட்டு மணிக்கு வரக்குள்ள கறண்ட் இல்லாம இருட்டுக்குள்ள இருந்தவர். வாசல் சென்றிக் காவல் கொப்பியில ஆறரைக்கு வந்ததாப் பதிஞ்சிரிக்கி."

"சின்னராசாவின்ட பை எங்க இருந்தது?"

"விறாந்தையில. அவர் லாச்சியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனவர், சீவ."

"அப்ப பைக்குள்ள ஆரும் கை வைச்சிருக்கலாம்" என்றார் றஊப். "என்ட வண்டியில பின்சீற்றில விட்ட குடை மாதிரி. ஊருக்கே சொந்தம்."

மனேஜர் சிரித்தார். "கைப்பிடி ஆற்ற பையில இருந்ததோ அவன்தான் கள்ளன். இதுக்கேன் இவ்வளவு ஆராய்ச்சி?"

"கைப்பிடியைக் கழற்றிப் பித்தளையை ஒளிக்கத் தெரிஞ்ச கள்ளன், கைப்பிடியைத் தன்ட பையிலயே வைச்சிருப்பானோ? அடுப்பில போட்டால் விறகு."

மனேஜர் குனிந்துகொண்டார். மேசையில் கடதாசிகளை ஒழுங்குபடுத்தி அவற்றின் மேல் கட்டையை வைத்தார்.

ஒரு மணிக்கு வெளியில் இருந்து பாணும் பருப்பும் வந்தன. யாரும் சாப்பிடவில்லை. றஊப் மட்டும் ஒரு துண்டைப் பிய்த்துச் சின்னராசாவின் வாயில் வைத்தார். ஒரு மாலுமி தடுக்க வந்து, பிறகு மறுபக்கம் பார்த்தான்.

குணேஸ்வரி என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார்.

"அண்ணை, அந்த மேசையின்ட பின்கால் எதில இருந்து வந்தது?"

"வாடிவீட்டு அலுமாரியில இருந்து."

"பழைய துளை எத்தனை?"

எங்கள் பட்டறையில் ஒவ்வொரு மரமும் எங்கெங்கே இருந்து வந்தது என்று எனக்கு மனப்பாடம். அது என் பெருமை. அந்தப் பெருமை என் வாயைத் திறந்துவிட்டது.

"நாலு."

"எனக்கு ஒண்டுதான் தெரிஞ்சது."

என் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது.

"முப்பது வருஷம் கோட்டில மொழிபெயர்த்தனான். சாட்சி சொன்னதை மொழிபெயர்க்கலாம். சொல்லாமல் விட்டதை மொழிபெயர்க்க எனக்கு ஏலாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கட பெருவிரல்ல என்ன நிறம்?"

கையை மடக்கினேன். எழுந்து யன்னலுக்குப் போனேன். ஒரு சாண் கடலில் ஒரு படகு அசையாமல் நின்றது. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நாளைக்கு ஒவ்வொரு கந்தோரும் எங்கள் மேசையைக் கவிழ்த்துச் சுரண்டிப் பார்க்கும். என் மகளின் கணவன் பெயர் சந்தையில் அடிபடும். சாயத்துக்கும் முத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்றும் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். கேட்டேனே தவிர, பதில் தேடவில்லை. அந்தக் கேள்வி எனக்கு ஒரு கதவாக இருந்தது, சாத்தி வைத்துக்கொள்ள.

இரண்டரை மணிக்கு வெளியில் றக் வந்து நின்ற சத்தம் கேட்டது. இயந்திரத்தை நிறுத்தவில்லை.

தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு சின்னராசாவிடம் போனேன். குனிந்து வாயில் வைத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னான்:

"ஐயா, சாயம் பூசினது நான்தான். ஒட்டுத் தெரிஞ்சால் பெரிய ஓடர் கிடைக்காது எண்டு சின்ன முதலாளி சொன்னவர். உங்களுக்குத் தெரியாது எண்டு எனக்குத் தெரியும். நான் அங்க போயும் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

றக்கில் ஏறப்போகிறவன் எனக்குத் தைரியம் சொன்னான்.

நான் நிமிர்ந்தேன். சட்டைப் பையில் இருந்து சிராயை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"தங்கச்சி, நான் சொல்லுறதை அதிகாரிக்கு ஒரு சொல் குறையாமல் சொல்லுங்கோ. சுவரில இருக்கிற எழுத்து இந்த மேசைக்குப் பொருந்தாது. இதில நாலு துளை. நாலையும் முதிரையால அடைச்சு, தேக்குச் சாயம் பூசி மறைச்சிருக்கு. செய்தது என்ட பட்டறை. பன்னிரண்டே காலில இருந்து எனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்தனான்."

"மாமா..." என்றார் ஞானசேகரம்.

"நீர் பிறகு கதையும்."

குணேஸ்வரி சிங்களத்தில் சொல்லி முடித்தார். முடித்தவர் அப்படியே நின்றார். அவருடைய கண் சிராயில் இருந்து மேசைக்கும், மேசையில் இருந்து எனக்கும் வந்தது.

"அண்ணை, நாலையும் மறைச்சதோ?"

"ஓம், நாலையும்."

"சின்னராசா, ஒண்டையாவது தவற விட்டியோ?"

"இல்லையம்மா. நாலுக்கும் இரண்டு தரம் பூசினனான்."

"அப்ப இந்த மேசையில மஞ்சள் தெரியவே கூடாது. தெரியிற ஒண்டு ஆற்றது?"

றஊப் டோர்ச்சை மேசைக்குக் கீழே அடித்தார்.

"அல்லாவே" என்றார் றஊப். "எல்லாரும் முகத்தை மூடின வீட்டில முகத்தைக் காட்டினவன்தான் கள்ளன்."

'அது எங்கட அடைப்பு' என்று காலையில் நான் சொன்ன சொல் எனக்கே திரும்பக் கேட்டது.

"சின்னராசாவை அவிழ்த்து விடச் சொல்லுங்கோ" என்றேன். "அதைத் திறக்கிற உரிமை அவனுக்குத்தான்."

அதிகாரி தலையசைத்தார். சின்னராசா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு முக்கால் உளியை எடுத்தான். மனேஜர் தன் கடதாசிகளையும் கட்டையையும் தட்டச்சு மேசைக்கு மாற்ற, மேசையைக் கவிழ்த்தோம். மஞ்சள் அடைப்பின் ஓரத்தில் உளியை வைத்து ஒரே ஒரு தட்டு. அடைப்பு எழும்பியது. இறுக்கத்துக்காக ஒரு கடதாசித் துண்டு மடித்துச் செருகப்பட்டிருந்தது. எங்கள் ஆட்கள் அப்படிச் செய்வதில்லை. துளையைக் கீழே சாய்த்தான். பித்தளை சீமெந்துத் தரையில் விழுந்து, உருண்டு, அதிகாரியின் சப்பாத்தில் முட்டி நின்றது.

"அடைப்பு மட்டும் எங்கடதுதான்" என்றான் சின்னராசா, அதை விரலில் திருப்பிப் பார்த்தபடி. "முக்கால் அங்குலம். என்ட கை வேலை. ஆனா நான் இதை இந்த மேசைக்குச் செய்யேல்லை."

"நீ எதுக்குச் செய்தாய் எண்டு எனக்குத் தெரியும்" என்றார் குணேஸ்வரி. "மனேஜர், அந்தக் கட்டையை ஒருக்கால் தாங்கோ."

பாக்கியரத்தினம் அசையவில்லை.

"எந்தக் கட்டை?"

"உங்கட கைக்குக் கீழ இருக்கிறது."

"இதோ? இது சும்மா கடதாசிக்கு வைக்கிறது."

ஜெஸீமா எழுந்து நின்றாள். "நேற்று வரைக்கும் அதுட மஞ்சள் முகம் மேல பார்த்துத்தான் இருந்தது. காலையில துடைக்கப் போக, அதைத் தொடாத எண்டு ஏசினவர்."

றஊப் எட்டிக் கட்டையை எடுத்துத் திருப்பினார். தேக்கின் நடுவே ஒரு சதுர வாய், வெறுமையாக.

"பல்லுப் போன கட்டை" என்றார் றஊப். "மனேஜர், பல்லைப் பிடுங்கினது சரி. வேற வாயில கட்டியிருக்கக் கூடாது."

குணேஸ்வரி அதிகாரிக்குச் சிங்களத்தில் சொல்லி, எங்களுக்குத் தமிழில் சுருக்கினார். இடையில் அவர் கேட்க நானே சொன்னது இது: போன மாதம் மனேஜர் பட்டறைக்கு வந்தபோது இந்தக் கால்கள் துளை திறந்தபடி கிடந்தன. இருந்து தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். துளை எங்கே என்று அன்றே கண்டுவைத்தார். இன்று ஆறரைக்கு, கறண்ட் இல்லாத இருட்டில், கையால் தடவிப் பிடித்து அடைப்பைக் கிளப்பினார். அது சிராயாக உடைந்தது. மேலே சாயம் இருந்தது இருட்டில் தெரியவில்லை. உடைந்த உட்பக்கத்தின் மஞ்சள் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பதிலுக்கு இன்னொரு மஞ்சள் வேண்டும். அது அவருடைய மேசையிலேயே, கடதாசி மேல் வைக்கும் கட்டையில் இருந்தது. கைப்பிடியை, பட்டறை ஆட்கள் வந்தபின் விறாந்தையில் கிடந்த பைக்குள் போட்டார்.

"கனகசுந்தரம் அண்ணையின்ட சட்டத்தைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் பண்ணின ஆள் இவர்" என்றார். "மஞ்சள் தெரிஞ்சால் ஒருத்தரும் தொட மாட்டினம் எண்டு முழு நம்பிக்கை. நம்பினபடிதான் நடந்தது, இரண்டரை மணி வரைக்கும்."

"ஏன் செய்தது?" என்று கேட்டேன்.

"திங்கட்கிழமை பழைய பாஸ் எல்லாத்தையும் சரிபார்க்கப் போகினமாம். இப்பதான் அதிகாரி சொன்னவர். குடுக்கக் கூடாத ஆக்களுக்கு இவர் குத்திக் குடுத்த பாஸ் வெளியில வரும். முத்திரை களவு போனால், எல்லாம் களவெடுத்தவன் குத்தினது. இலங்கைத்துறைக்காரன் எண்டால் ஒருத்தரும் இரண்டாம் கேள்வி கேட்க மாட்டினம். முத்திரையைக் கடலில எறியலாம் எண்டால் யன்னலில வலை. வெளியில கொண்டு போகலாம் எண்டால் வாசலில உடல் சோதனை. அவரும் எங்களோட சேர்ந்து பூட்டுப்பட்ட ஆள்தான்."

பாக்கியரத்தினம் என்னைப் பார்த்தார். "உங்கட ஆக்கள் உங்கட சொல்லை மீறுவினம் எண்டு நான் நினைக்கேல்லை."

"நானும் நினைக்கேல்லை" என்றேன்.

மூன்று மணிக்கு றக் போனது. வெறுமையாகப் போகவில்லை. சின்னராசா தன் பையில் உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினான். விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. நான் பையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் பட்டறையை எட்டு மணிக்கு வழமைபோல் திறந்தோம். ஞானசேகரம் அந்த மேசையைத் திருப்பி எடுத்து வந்து, மிஞ்சிய மூன்று அடைப்புகளின் சாயத்தையும் தன் கையாலேயே சுரண்டினார். சாயம் பூசி வெளியே போனவை இன்னும் ஆறு மேசைகள். ஆறு கந்தோருக்கும் அவரும் நானும் சேர்ந்து போய், காரணத்தைச் சொல்லித் திருப்பி எடுத்தோம். இரண்டு கந்தோர்கள் பிறகு எங்களை அழைக்கவில்லை.

இப்போது சந்தையில் ஒரு கதை உலாவுகிறது. மேசையைப் பார்த்த உடனேயே, 'இது எங்கட அடைப்பு இல்லை' என்று கனகசுந்தரத்தார் முத்திரையை எடுத்துக் கொடுத்தாராம். பட்டறையின் நேர்மைதான் ஒரு உயிரைக் காப்பாற்றியதாம். அது பிழை. 'எங்கட அடைப்பு, விடுங்கோ' என்று சொன்னவன் நான். கண்டுபிடித்தவர் குணேஸ்வரி. எடுத்தவன் சின்னராசா.